சத்தம் போடாத கீபோர்டும் தலையணை தூக்கிய டிரைவரும்

டைப்பிஸ்ட் அக்கா தன் புருஷனை வீட்டை விட்டுத் துரத்திவிட்டார் என்பதுதான் முதலில் கிளம்பிய பேச்சு. காரணம் ஒரு கீபோர்டு. புருஷனா, கீபோர்டா என்று கேள்வி வந்தபோது அக்கா கண்ணைக்கூடச் சிமிட்டவில்லையாம்.

அந்தக் குடியிருப்பில் எந்தப் பேச்சும் மாடி ஏறுவதற்குள் கொஞ்சம் சதை போட்டுவிடும். தரைத்தளத்தில் வெறும் மனஸ்தாபமாகப் பிறந்தது, முதல் மாடியில் வாய்ச்சண்டையாகி, இரண்டாம் மாடியில் கீபோர்டால் மண்டையில் ஒரு போடு போட்டதாக வளர்ந்து, மூன்றாம் மாடியை அடைந்தபோது ஆளே மாறிப் போயிருந்தது. எதிர்வீட்டுக்காரர் அக்காவின் வீட்டுக் கதவையே தட்டி, "நம்ம மாடியில யாரோ ஒரு பொம்பளை புருஷனை அடிச்சுத் துரத்திட்டாங்களாமே, உங்களுக்கு ஏதாவது தெரியுமா?" என்று அக்காவிடமே கேட்டுவிட்டார்.

"தெரியலையே" என்றார் அக்கா. அவருக்கு வேலை இருந்தது.

ஆனால் சாட்சியம் பலமாகத்தான் இருந்தது. தினமும் காலையில், ஊரே வேலைக்குக் கிளம்பும் நேரத்தில், அக்காவின் வீட்டுக்காரர் அக்குளில் தலையணையை இடுக்கிக்கொண்டு தெருவில் நடந்து போனார். பார்த்தவர்கள் ஒருவரிருவர் இல்லை. குடையோடு போகிறவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. தலையணையோடு போகிறவரைக் கேட்காமல் விடுவதும் இல்லை. அவர் யாருக்கும் பதில் சொல்லவில்லை. தூக்கக் கலக்கத்தில் இருப்பவரிடம் பதில் வாங்குவது கஷ்டம்.

விசாரித்துப் பார்த்ததில், பேச்சில் பாதி உண்மை. தலையணை உண்மை. வேறு இடத்தில் போய்ப் படுத்ததும் உண்மை. கீபோர்டுதான் காரணம் என்பதும் உண்மை. துரத்தியது மட்டும் பொய். மீதிக் கதையைச் சொல்லாமல் விட்டால் அந்தப் பாதி உண்மையே பொய்யாகப் போய்விடும் என்பதால், முதலிலிருந்து வருவோம்.

அவர் இரவு பஸ் டிரைவர். தினமும் இரவு கிளம்பி ஓர் ஊருக்குப் போய், விடியும்போது திரும்பி வருவார். வந்திறங்கும் காலைகளில் வீட்டில்தான் தூங்கியாக வேண்டும். அக்காவுக்கு வீட்டில் இருந்தபடியே தட்டச்சு வேலை. வாகன விபத்து வழக்குகளில் சாட்சிகள் பேசியதை ஒலிப்பதிவாக அனுப்புவார்கள். காலையில் வரும், காதில் மாட்டிக் கேட்டு எழுத்தாக்கி மாலைக்குள் அனுப்பிவிட வேண்டும். வீட்டில் இருந்தது ஓர் அறையும் ஒரு சமையலறையும். கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவில் ஒரு நாற்காலி போகும், ஆள் உட்கார்ந்தால் நாற்காலி நகராது.

இதில் யார் மேலும் தப்பில்லை. தப்பு இருந்ததென்றால் அது அக்காவின் விரல்களில். பழைய இரும்பு டைப்ரைட்டரில், நான்கு கார்பன் தாள் வைத்துப் பழகிய கை அது. கடைசித் தாளில் எழுத்து தெளிவாக விழவில்லையென்றால் மறுபடி அடிக்கச் சொல்லிவிடுவார் சொல்லிக்கொடுத்தவர். டைப்ரைட்டர் போயிற்று, கார்பன் போயிற்று, சொல்லிக்கொடுத்தவரும் போய்ச் சேர்ந்தார். அக்கா இன்னும் அந்த நான்காவது தாளுக்காகத்தான் அடித்துக்கொண்டிருந்தார்.

செய்யாத வைத்தியம் இல்லை. கீபோர்டின் அடியில் துண்டு மடித்து வைத்தார். மடியில் மெத்தை வைத்து அதன் மேல் வைத்தார். சமையலறையில் ஃபிரிட்ஜ் மேல் வைத்து நின்றுகொண்டே அடித்தார். ஃபிரிட்ஜுக்குள் இருந்த பாட்டில்கள் எல்லாம் பல் தந்தியடிப்பதுபோல் நடுங்கின. பாத்ரூமில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அடித்தபோது, கீழ்வீட்டம்மா குழாய் வெடிக்கப் போகிறது என்று பிளம்பரைக் கூப்பிட்டுவிட்டார். மெத்தென்று அழுந்தும் ரப்பர் கீபோர்டுகளும் வாங்கினார். அவை சத்தம் போடாமல் உழைத்து, சத்தம் போடாமல் செத்தன. டிரைவர் காதில் பஞ்சடைத்துப் படுத்தார்; அன்று அலாரம் அடித்தது அவரைத் தவிர அந்தத் தளத்தில் எல்லோருக்கும் கேட்டது.

இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது ஒரு சிவப்பு விளக்கு வரைக்கும்தான். ஒரு விடிகாலை, ஊருக்குள் நுழையும் சிக்னலில் பஸ்ஸை நிறுத்தினார் டிரைவர். பச்சை விழுந்தது. பஸ் நகரவில்லை. மறுபடி சிவப்பு விழுந்தது, மறுபடி பச்சை. பின்னால் நின்ற லாரிக்காரர் இறங்கி வந்து கதவைத் தட்டியபோது டிரைவர் கையை ஸ்டியரிங்கில் வைத்தபடி, முதுகை நிமிர்த்தி, மிகவும் ஒழுங்காகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

டிப்போ மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். "இன்னொரு தடவை இப்படின்னா, ஸ்டியரிங் பக்கமே வரக்கூடாது. கூண்டுக்குள்ள உட்கார்ந்து டிக்கெட் கிழிச்சுக்கிட்டு இருக்க வேண்டியதுதான்."

வீட்டுக்கு வந்து டிரைவர் அதைச் சொல்லும்போது கூண்டைப் பற்றி அதிகம் பேசவில்லை. செருப்பைக் கழற்றாமலே கட்டிலில் உட்கார்ந்தார். "பஸ்ஸு நிறைய ஜனம் தூங்கிட்டு வருது. நான் முழிச்சிருப்பேன்னு நம்பித்தானே தூங்கறாங்க" என்றார். அக்கா அன்று மாலை வரை ஒற்றை விரலால் தடவித் தடவி அடித்தார். வேலை பாதிதான் முடிந்தது. அனுப்பியவர்கள் மீதியைக் கேட்டார்கள்.

மறுநாள் அக்கா கம்ப்யூட்டர் கடைக்குப் போனார். ரப்பர் கீபோர்டுகளை அடிக்கடி விற்றுப் பழக்கமான கடைக்காரர், இந்தத் தடவை எதையும் எடுத்துக் காட்டவில்லை. "அக்கா, உங்க கைக்குக் கடையில சரக்கு கிடையாது. கோட்டு தைக்கிறவர் கடை மாடியில ஞாயித்துக்கிழமை ஒரு கூட்டம் கூடும். தங்களுக்கு வேணும்கிற கீபோர்டைத் தாங்களே செஞ்சுக்கறாங்க. கொஞ்சம் ஒரு மாதிரியான ஆளுங்க. ஆனா கெட்டவங்க இல்லை."

கடைக்காரர் சொன்னது சரி. மாடியில் சுற்றிலும் பாதி தைத்த கோட்டுகள் தொங்க, நடுவில் நீள மேசை போட்டு, ஏழெட்டுப் பேர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மட்டும் ஒரு கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்தார். ஏதோ துக்கம் விசாரிக்க வந்த இடம் போலிருக்கிறது என்று அக்கா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"சத்தத்துக்கு அடியில கொஞ்சம் தகர டப்பா வாடை அடிக்குது" என்றார் கண்ணை மூடியிருந்தவர்களில் ஒருவர்.

"ஸ்பேஸ் விசை மட்டும்தான். மத்ததெல்லாம் நனைஞ்ச மண்ணுல கூழாங்கல் விழற மாதிரி இல்ல?" என்றார் தட்டியவர்.

"கூழாங்கல் சரி. மண்ணு இன்னும் நனையணும்."

இப்படிச் சொன்னவர் பல் டாக்டர், கூட்டத்துக்குத் தலைவர். வாரம் முழுக்கத் துளைபோடும் மெஷின் சத்தத்திலேயே இருப்பவர் என்பதால், ஞாயிற்றுக்கிழமையாவது காதுக்கு நல்லதாக ஏதாவது விழட்டும் என்று ஆரம்பித்தவர். ஈயம் உருக்கிச் சாலிடரிங் வைப்பவர் லிஃப்ட் மெக்கானிக். தேவைக்கு மேல் பேசமாட்டார், தேவைக்கும் பேசமாட்டார். கீழே கடை வைத்திருக்கும் தையல்காரர்தான் படம் போடுபவர். கோட்டு வெட்டுவதற்காகக் கம்ப்யூட்டரில் கோடு போடக் கற்றிருந்தார். கோடு கோடுதானே என்று கூட்டத்தார் சர்க்யூட் போர்டு வரையும் வேலையையும் அவர் தலையில் கட்டிவிட்டார்கள்.

"எந்த மாதிரி சத்தம் எதிர்பார்க்கறீங்க, மேடம்?" என்றார் பல் டாக்டர்.

"சத்தமே வரக்கூடாது."

மூடியிருந்த கண்கள் எல்லாம் திறந்தன.

"சத்தம் கம்மியா வேணும்னு சொல்றாங்க போல" என்று தையல்காரர் சமாளித்தார்.

"இல்லைங்கண்ணா. வரவே கூடாது. வீட்டுக்காரர் பக்கத்துலயே தூங்குவார். இரவு பஸ் ஓட்டறார்."

கச்சேரிக்கு வந்தவர் வாசிக்காமல் இருக்க முடியுமா என்று கேட்டதுபோல் ஆகிவிட்டது. பல் டாக்டர் முகத்தில் மரியாதை குறையவில்லை, ரத்தம்தான் குறைந்தது. ஆனால் அக்காவை அவர்கள் திருப்பி அனுப்பவில்லை. அதற்குக் காரணம் இரக்கம் என்று நினைத்தால் அது அவர்கள் மேல் அபாண்டம். சர்க்யூட் போர்டு செய்து கொடுக்கும் கம்பெனி ஐந்துக்குக் குறைந்து ஆர்டர் எடுக்காது. சின்னதாக ஒரு புது கீபோர்டு செய்ய வேண்டும் என்று நான்கு பேர் வெகு நாளாகக் காத்துக்கொண்டிருந்தார்கள். ஐந்தாவது ஆள் இப்போது வாசலில் நின்றார்.

"உள்ள வாங்க மேடம்" என்றார் பல் டாக்டர்.

அந்தக் கூட்டத்தில் கீபோர்டைச் சின்னதாக்குவது ஒரு கொள்கை. விரல் இருந்த இடத்தைவிட்டு நகரக்கூடாது. நகர்ந்துதான் தொட வேண்டிய விசைக்கு இருக்க உரிமையில்லை. வாரம் ஒரு வரிசையாகக் கையைத் தூக்கி ஓட்டுப் போட்டு வெளியேற்றினார்கள். வலது ஓரத்து எண் கட்டம் முதலில் போயிற்று. உச்சியில் இருந்த வரிசை எதற்கென்று யாருக்கும் தெரியாததால் எதிர்ப்பே இல்லாமல் போயிற்று. அம்புக்குறிகளுக்காக ஒருவர் கண்கலங்கினார், ஆனாலும் கையைத் தூக்கினார். எண் வரிசை மேல் கை வைத்தபோது அக்கா எழுந்துவிட்டார்.

"நான் நாள் முழுக்க வண்டி நம்பர்தான் அடிக்கிறேன். எண்ணை எடுத்துட்டா எப்படி?"

"எங்கயும் போகாது மேடம். கட்டைவிரல்கிட்ட ஒரு விசை இருக்கும். அதை அழுத்திப் பிடிச்சுக்கிட்டா, மேல் வரிசை எழுத்தெல்லாம் எண்ணாயிடும்."

"அதுக்கு எண்ணையே விட்டு வெச்சுட்டா என்ன?"

"கீபோர்டு பெருசாயிடுமே."

"ஆனா என்ன?"

இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளில் இப்படி ஒரு கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை. ஓட்டெடுப்பில் அக்கா தோற்றார். ஆறுதலுக்கு அவர் கேட்ட ஒரு விசையைக் கொடுத்தார்கள்: ஒலிப்பதிவைக் கொஞ்சம் பின்னால் தள்ளி மறுபடி கேட்க. சாட்சிகள் முக்கியமான இடம் வரும்போதுதான் முணுமுணுப்பார்கள் என்று அக்கா சொன்னதும், வலது கட்டைவிரலுக்கு நேராக அதற்கு இடம் ஒதுக்கப்பட்டது. படத்தை முடித்து அனுப்பினார்கள். போர்டு வர நாளாகும் என்றார்கள். அதற்குள் பல் டாக்டர் தன் சொந்தப் பொறுப்பில் ஐந்து பித்தளைப் பெட்டிகள் கடையச் சொல்லிவிட்டார். ஒவ்வொன்றும் ஒரு கைக்குழந்தை கனம். அதில் எப்படிச் சத்தம் வராது என்று அக்கா கேட்டபோது, "வரும், ஆனா கேட்கறவங்க நிம்மதியா தூங்கிடுவாங்க" என்றார்.

தலையணை விஷயம் வந்தது இந்தக் காத்திருப்பில்தான். ஒருநாள் அக்காவைக் கூப்பிட வந்த டிரைவரின் கண்ணைப் பார்த்த தையல்காரர், "வார நாள்ல மாடி சும்மாதானே கிடக்கு, இங்க வந்து படுத்துக்கச் சொல்லுங்க" என்றார். டிரைவரும் மறுநாளே தலையணையோடு கிளம்பினார். ஊருக்கு ஒரு பேச்சு கிடைத்தது. அவருக்குத் தூக்கம் கிடைத்ததா என்றால், அரைகுறையாக. கீழே தையல் மெஷின் ஓட ஓடத் தரை தடதடத்தது. கண் விழித்தால் சுற்றிலும் தலையில்லாத ஆட்கள் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றார்கள்.

"நல்லாத் தூங்கினீங்களா?" என்று அக்கா கேட்டால், "ம்" என்பார். கண் வேறு சொல்லும்.

ஒருநாள் பஸ் ஒரு நிறுத்தத்தில் நிற்காமல் போய்விட்டது. ஏறக் காத்திருந்தவர்களைப் பார்த்து டிரைவர் கையசைத்துவிட்டுப் போனதாகப் புகார். தூங்கவில்லை, ஏன் கையசைத்தார் என்று அவருக்கே தெரியவில்லை. டிப்போ மேனேஜர் இந்தத் தடவை கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "மாசக் கடைசியில டாக்டர் பரிசோதனை. கண்ணு, கவனம், எல்லாம் பார்ப்பாங்க. பாஸ் பண்ணினா வண்டி. இல்லைன்னா கூண்டு."

மாதம் முடிய ஒரு வாரமே இருந்த ஞாயிற்றுக்கிழமை போர்டுகள் வந்தன. பல் டாக்டர் உறையைப் பிரித்து, கறுப்பாகப் பளபளத்த முதல் போர்டை ஒரு நல்ல பல்லைப் பார்ப்பதுபோல் வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார். பித்தளைப் பெட்டியில் வைத்தார். உட்காரவில்லை. அமுக்கினார். திருப்பி வைத்தார், தூக்கி வைத்தார். திருகு ஓட்டை ஒரு பக்கம், போர்டின் ஓட்டை மறுபக்கம். லிஃப்ட் மெக்கானிக் அதை வாங்கி, முதுகுப்பக்கமாகக் கவிழ்த்து வைத்தார். கச்சிதமாக உட்கார்ந்தது.

"இடம் வலமா இருக்கு" என்றார். அவர் அந்த மாதம் பேசிய முதல் வாக்கியம்.

எல்லோரும் தையல்காரரைப் பார்த்தார்கள். அவர் ஓடிப்போய்க் கம்ப்யூட்டரைத் திறந்து படத்தைப் பார்த்தார். "சரியாத்தானே போட்டிருக்கேன்" என்றார். "வழக்கம்போல மறுபக்கத்துல."

"எந்த மறுபக்கம்?"

"துணியோட மறுபக்கம் டாக்டர். நல்ல பக்கத்துல எவனாவது கோடு போடுவானா? உள்பக்கத்துல போட்டு, தைச்சுத் திருப்பினா வெளியில சரியா வரும்."

"இது துணியாய்யா?"

"இல்லை" என்று ஒப்புக்கொண்டார் தையல்காரர். "திருப்ப முடியாதுல்ல."

கவிழ்த்துப் பொருத்தினால் விசைகளின் கால் நுழையாது. நிமிர்த்தினால் பெட்டி ஏற்காது. எந்த விசையை அழுத்தினால் எந்த எழுத்து என்பதைக் கம்ப்யூட்டரில் மாற்றிவிடலாம். பித்தளையை எதிலும் மாற்ற முடியாது. பல் டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "வேற வழியில்லை. மறுபடி போர்டு ஆர்டர் பண்ணுவோம். ரெண்டு மாசம் பொறுத்தா போதும், பெட்டி வீணாகாது."

"எனக்கு மாசக் கடைசிக்குள்ள வேணும்" என்றார் அக்கா. குரல் உயரவில்லை. "பித்தளை வேண்டாம் டாக்டர். அட்டையில கட்டிக் குடுங்க, சணல்ல கட்டிக் குடுங்க. அவர் ஒரு நாளாவது வீட்டுல தூங்கிட்டுப் பரிசோதனைக்குப் போகணும்."

"நான் தைச்சுத் தரேன்" என்றார் தையல்காரர்.

"எதை?"

"பெட்டியை."

பல் டாக்டர் சிரிக்கப் பார்த்தார். தையல்காரர் அதற்குள் கழுத்திலிருந்த டேப்பை உருவி அக்காவின் மணிக்கட்டை அளந்துகொண்டிருந்தார். கோட்டுக்குள் மார்புப் பக்கம் விறைப்பாக நிற்க வைக்கும் கான்வாஸ் நாலு அடுக்கு, அதற்கு மேல் கம்பளி, ஓரத்தில் மடிப்பு, வயர் வரும் இடத்தில் காஜா. போர்டைச் சட்டைப்பைக்குள் சீப்பு வைப்பதுபோல் உள்ளே சொருகிப் பட்டன் போட்டுவிடலாம். தப்பு அவருடையது என்பதால் கை பரபரத்தது. ஆனால் பழக்கத்தை விட முடியவில்லை. வாரத்தின் நடுவில் ட்ரையல் பார்க்க வரச் சொல்லிவிட்டார்.

அக்கா போனார். மேசையில் அரைகுறையாக நூலோட்டிய பெட்டிக்குள் கையை வைத்து அடித்துக் காட்டினார். தையல்காரர் தள்ளி நின்று, வாயில் ஊசியோடு, தலையைச் சாய்த்துப் பார்த்தார். "தோள்பட்டை கொஞ்சம் பிடிக்குது. இடது பக்கம் விட்டுத் தரேன்."

"பரவாயில்லைண்ணா, இப்படியே குடுத்துடுங்க."

"அப்படியெல்லாம் குடுக்க முடியாதும்மா. என் கடைப் பேரு இருக்கு."

பல் டாக்டரும் மனசு கேட்காமல் வந்து சேர்ந்தார். கையில் ஒரு டப்பா. பல்லுக்கு அச்சு எடுக்க வாயில் வைத்துக் கடிக்கச் சொல்வார்களே, அந்த ரப்பர் பசை. லிஃப்ட் மெக்கானிக் ஏற்கெனவே உள்ளே ரப்பர் வைத்த, சத்தம் குறைந்த விசைகளாகப் பார்த்துச் சாலிடரிங் வைத்திருந்தார். அவற்றுக்கு அடியில் போர்டின் முதுகில் பசையை ஊற்றி, கெட்டியாகும் வரை டாக்டர் பக்கத்திலேயே நின்றார். பழக்கதோஷத்தில், "வலிச்சா கையைத் தூக்குங்க" என்றார்.

பார்ப்பதற்கு அது கோட்டின் கையிலிருந்து வெட்டி எடுத்த துண்டு போல் இருந்தது. விசைகள் பட்டன்கள் போல் இருந்தன. கட்டைவிரல் விசைகள் பக்கம் மாறிப் போய்விட்டதால், சாட்சிகளின் முணுமுணுப்பைப் பின்னால் தள்ளும் வேலை இடது கையிடம் வந்தது. அக்கா ஒரு வாக்கியம் அடித்தார். நான்காவது கார்பன் தாளுக்காக, முழு பலத்தோடு. மெத்தையில் பூனை நடந்ததுபோல்கூட இல்லை.

"ஒண்ணும் கேட்கலை" என்றார் தையல்காரர் பெருமையாக.

"ஒண்ணுமே கேட்கலை" என்றார் பல் டாக்டர், இழவு வீட்டுக் குரலில்.

மறுநாள் காலை டிரைவர் தலையணையை இடுக்கிக்கொண்டு வாசல் வரை போய்விட்டார். அக்கா அதைப் பிடுங்கிக் கட்டிலில் போட்டார். "படுங்க."

படுத்தார். அக்கா காதில் மாட்டிக்கொண்டு வேலையை ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் முதுகில் ஒரு பார்வை உறுத்தியது. திரும்பினால், டிரைவர் கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தார்.

"என்ன, இன்னிக்கு வேலை வரலையா?"

"வந்து அடிச்சுக்கிட்டுதானே இருக்கேன்."

"சத்தத்தைக் காணோமே."

"அதுக்குத்தானே இத்தனை பாடு."

"எனக்காகச் சும்மா அடிக்கிற மாதிரி நடிக்காதே. வேலை போயிடுச்சுன்னா சொல்லிடு."

எழுந்து வந்து திரையில் எழுத்து விழுவதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போய்ப் படுத்தார். மறுபடி எழுந்து வந்தார். மூன்றாம் தடவை அக்கா நாற்காலியோடு திரும்பினார். நாற்காலி திரும்பாது, அவர்தான் திரும்பினார். "இன்னொரு தடவை எழுந்தீங்கன்னா, ஊரு சொல்றதை நிஜமாக்கிடுவேன்." டிரைவர் போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு எழுந்தது சாயங்காலம்தான். முகத்தில் தலையணை மடிப்பு கோடு கோடாகப் பதிந்திருந்தது. தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாத குழந்தைபோல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, "பசிக்குது" என்றார். வெகு நாளாக அவர் அப்படிச் சொன்னதில்லை. அக்கா தட்டு எடுக்கச் சமையலறைக்குள் போய், தேவையில்லாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.

பரிசோதனையில் விளக்கு எரிந்தால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். எரிந்தபோதெல்லாம் அமுக்கினார். எரியாதபோது அமுக்கவில்லை. டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். டிப்போ மேனேஜர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, "சரி, வண்டியை எடு" என்றார்.

குடியிருப்பில் பேச்சு நின்றதா என்றால் இல்லை. தலையணை நின்றதும் சமாதானம் ஆகிவிட்டது என்றார்கள். சுவர் வழியே வந்துகொண்டிருந்த தடதடப்பும் நின்றதும், புருஷன் திரும்பி வந்து பெண்டாட்டியை வேலை பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டான் என்றார்கள். கீழ்வீட்டம்மா மாடிப்படியில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இவ்வளவு அடங்கிப் போகக் கூடாதும்மா" என்று புத்தி சொன்னார். அக்கா "சரிங்க" என்றார். அவருக்கு வேலை இருந்தது.

எல்லாம் முடிந்தது என்று அக்கா நினைத்திருந்தபோது பல் டாக்டர் போன் செய்தார். கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு; அதை அக்காவுக்குச் சொல்ல எல்லோரும் மறந்துவிட்டார்கள். புது கீபோர்டை முடித்தவர், அதில் தட்டும் சத்தத்தைப் பதிவு செய்து கூட்டத்துக்குக் கொடுக்க வேண்டும். அது வந்தால்தான் அந்தக் கீபோர்டு முடிந்ததாகக் கணக்கு.

"இதுல சத்தமே இல்லையே டாக்டர்."

"வழக்கம்னா வழக்கம் மேடம். இருக்கறதைக் குடுங்க."

அக்கா கீபோர்டுக்குப் பக்கத்தில் போனை வைத்து, ஒரு மதியம் அடித்துக்கொண்டே பதிவு செய்து அனுப்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மாடியில் அதைப் போட்டார்கள். எல்லோரும் கண்ணை மூடினார்கள். அறையில் ஒரு கனமான, சீரான, நிதானமான ஒலி எழுந்து பரவியது. கொஞ்சம் ஏறியது, நின்றது, இறங்கியது.

"அடேயப்பா" என்றார் ஒருவர். "அடியில என்ன ஒரு ஆழம்."

"தகர வாடையே இல்லை. மண்ணு நல்லா நனைஞ்சிருக்கு" என்றார் இன்னொருவர்.

லிஃப்ட் மெக்கானிக் கண்ணைத் திறக்காமலே தலையாட்டினார். பல் டாக்டர் காதைப் பதிவுக்குக் கிட்டே கொண்டுபோனார். "மேடம், இது எந்த விசை?"

"அது எங்க வீட்டுக்காரர்" என்றார் அக்கா.

பல் டாக்டர் நெடுநேரம் யோசித்து, இது செல்லாது என்று தீர்ப்புச் சொன்னார். ஒலி தரமாகத்தான் இருக்கிறது, ஆனால் கீபோர்டுடையது அல்ல. அவர் வீட்டில் இல்லாதபோது பதிவு செய்து தரச் சொன்னார். அவர் இல்லாத நேரம் இரவு. இரவில் அக்காவும் தூங்குவார். டிரைவருக்கு விஷயம் தெரிந்து, தன் குறட்டையை ஏழெட்டுப் பேர் கண்ணை மூடிக் கேட்டதற்காக நான்கு நாள் பேசாமல் இருந்தார். ஐந்தாம் நாள், "நல்லா இருக்குன்னா சொன்னாங்க?" என்று கேட்டார்.

இன்றுவரை அந்தப் பதிவு போய்ச் சேரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா மாடி ஏறியதும் பல் டாக்டர் முதலில் அதைத்தான் கேட்கிறார். "அடுத்த வாரம் கொண்டு வந்துடறேன் டாக்டர்" என்கிறார் அக்கா.